ஓநாய்த் தலை சுமந்தவர்கள்

நாட்டிங்ஹாம் நகரின் மேட்டுப் பகுதியில் ஹை பேவ்மென்ட் என்றொரு பழைய தெரு. அதன் ஒரு பக்கம் புனித மரியாள் தேவாலயம். எதிர்ப்பக்கம் ஒரு காலத்தில் மாவட்ட நீதிமன்றமாகவும் சிறையாகவும் இருந்த கட்டடம். இப்போது அது தேசிய நீதி அருங்காட்சியகம். அந்த இடத்தில் 1375-லேயே நீதிமன்றம் நடந்ததற்கும் 1449-இல் சிறை இருந்ததற்கும் ஆவணங்கள் உள்ளன. கதைப்பாடல்களின் காட்டுக் கொள்ளையன் ராபின் ஹுட்டைத் தேடி இந்த ஊருக்கு வருகிறவர்கள் நேராகக் கோட்டைக்குப் போவார்கள், பிறகு ஷெர்வுட் காட்டுக்குப் பேருந்து ஏறுவார்கள். நான் இந்தத் தெருவில் தொடங்கினேன். கோயிலும் நீதிமன்றமும் இங்கே முகத்துக்கு முகம் பார்த்து நிற்கின்றன. ராபின் ஹுட் பிடிபட்டதாகப் பழைய பாட்டு சொல்வது இந்தக் கோயிலில்தான்.

அந்தக் கதைப்பாடல் 1450 வாக்கில் எழுதப்பட்ட ஒரு சுவடியில் கிடைக்கிறது. சுவடி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. திருப்பலி கண்டு இரண்டு வாரத்துக்கு மேலாகிவிட்டதே என்று காட்டில் ராபின் ஏங்குகிறான். மரியன்னையிடம் அவனுக்கு ஆழ்ந்த பக்தி. தோழன் லிட்டில் ஜானோடு கிளம்புகிறவன், வழியில் அம்பெய்யும் பந்தயத்தில் அவனோடு சண்டையிட்டுக்கொண்டு தனியாகவே நகருக்குள் வருகிறான். முன்பு அவனிடம் பணத்தைப் பறிகொடுத்த துறவி ஒருவர் கோயிலில் அவனை அடையாளம் கண்டு, மாவட்டத்தின் அரச அதிகாரியான ஷெரீப்பிடம் ஓடுகிறார். நகர வாயில்கள் மூடப்படுகின்றன. ராபின் வாளைச் சுழற்றிப் பன்னிரண்டு பேரை வீழ்த்துகிறான். வாள் ஒடிந்ததும் பிடிபடுகிறான்.

அடுத்து வருவதை இன்றைய குழந்தைப் புத்தகங்கள் விட்டுவிடுகின்றன. அரசனுக்குச் செய்தி கொண்டுபோகும் அந்தத் துறவியை லிட்டில் ஜான் வழிமறித்துக் கொல்கிறான். உடன் வந்த சிறு பணியாளனை ராபினின் இன்னொரு தோழன், மில்காரன் மகன் மச் கொல்கிறான். பையன் யாரிடமும் சொல்லிவிடக் கூடாது என்பது மட்டும்தான் காரணம். பாட்டு இதைப் பெரிதாக மறைக்கவும் இல்லை, வருந்தவும் இல்லை. கோயிலுக்குள் நின்று உயர்ந்த சன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் பையனின் நினைவே மேலோங்கி இருந்தது. இப்படிப்பட்ட ஒருவனை இங்கிலாந்தின் எளிய மக்கள் ஏன் அறுநூறு ஆண்டுகளாக நெஞ்சில் வைத்திருக்கிறார்கள்? என் பயணம் முழுவதும் இந்தக் கேள்வி என்னோடு வந்தது.

அதற்கு முதலில் அன்றைய சட்டத்தை அறிய வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் காவல்துறை கிடையாது. குற்றம் நடந்தால் ஊரே கூக்குரல் எழுப்பித் துரத்த வேண்டும். ஆள் அகப்படாவிட்டால் மாவட்ட மன்றம் கூடும்போதெல்லாம் அவன் பெயர் கூவப்படும். நான்கைந்து கூட்டங்கள் கடந்தும் அவன் வராவிட்டால் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டான் என்று அறிவிப்பார்கள். சட்டவிலக்கு என்று அதைச் சொல்லலாம். அவன் பொருள்கள் அரசனுக்கு. நிலம் ஓராண்டும் ஒரு நாளும் கழித்து அவனுடைய ஆண்டைக்கு. அவனுக்குச் சோறு போடுவதும் குற்றம். அவன் ஓநாய்த் தலையைச் சுமக்கிறான் என்பது சட்ட நூல்களின் வழக்கு. ஓநாயைக் கண்டவர் கொல்லலாம் என்பது போல அவனையும் கண்டவர் கொல்லலாம். 14ஆம் நூற்றாண்டில் இந்த உரிமையைச் சுருக்கினார்கள். ஆனால் வெளியே தள்ளும் வழக்கம் தொடர்ந்தது.

உண்மையில் குற்றம் செய்தவன் மட்டுமா ஓடுவான்? வழக்குத் தொடுத்தவன் பலசாலி என்றால், நடுவர்கள் விலைபோனவர்கள் என்றால், குற்றமற்றவனும் மன்றத்துக்கு வர அஞ்சுவான். வராத குற்றத்துக்கே அவன் சட்டத்துக்கு வெளியே போவான். இடைக்காலக் காடுகளில் ஒளிந்தவர்களில் எத்தனை பேர் கொலைகாரர்கள், எத்தனை பேர் அஞ்சி ஓடியவர்கள் என்பதை எந்த ஏடும் பிரித்துச் சொல்லவில்லை. எல்லாரும் தலைமறைவானோர் என்ற ஒரே பட்டியலில் கிடக்கிறார்கள்.

அந்தப் பட்டியல்களில் ஒரு பெயர் வரலாற்றாளர்களை நெடுங்காலம் ஈர்த்திருக்கிறது. 1225-இல் யார்க் நகரில் அரச நீதிபதிகள் அமர்ந்தனர். அடுத்த ஆண்டுக் கருவூலக் கணக்கில், தலைமறைவான ராபர்ட் ஹாட் என்பவனின் உடைமைகளுக்காக 32 ஷில்லிங் 6 பென்ஸ் பதிவாகியிருக்கிறது. அவன்தான் நம் ஆளா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1262-க்கு வரும்போது இன்னொரு வியப்பு. பெர்க்‌ஷயரில் ராபர்ட் என்ற கொல்லரின் மகன் வில்லியம் தலைமறைவாகிறான். கணக்கு எழுதிய எழுத்தர் அவனை வில்லியம் ராப்ஹாட் என்று பதிகிறார். அதற்குள் ராபின் ஹுட் என்பது ஓடி ஒளிகிறவர்களுக்கு எழுத்தர்களே சூட்டும் பட்டப்பெயர் ஆகிவிட்டிருந்தது என்று தெரிகிறது. 1439-இல் டார்பிஷயரிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன ஒரு மனுவும், பியர்ஸ் வெனபிள்ஸ் என்பவன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ராபின் ஹுட் கூட்டத்தைப் போலக் காட்டுக்குள் போய்விட்டதாக முறையிடுகிறது. ஒரே ஒரு மனிதனின் வரலாறாக இது தொடங்கியிருக்கலாம். ஆனால் வெகு சீக்கிரமே பலர் ஏறி நிற்கும் பெயராகிவிட்டது.

கோட்டைக்கு நடந்து போனேன். பத்து நிமிட நடைதான். செம்மணற்கல் பாறையின் மேல் இன்று தெரிவது கோட்டையே அல்ல. இடைக்காலக் கோட்டையை உள்நாட்டுப் போருக்குப் பின் 1651-இல் இடித்துவிட்டார்கள். பிறகு எழுந்த பிரபுவின் மாளிகையை 1831-இல் வாக்குரிமை கேட்டுக் கிளர்ந்த மக்கள் எரித்தார்கள். மதிலுக்கு வெளியே, அகழி இருந்த பள்ளத்தில் ஜேம்ஸ் வுட்ஃபோர்டு வடித்த ராபின் ஹுட்டின் வெண்கலச் சிலை 1952 முதல் நாணேற்றி நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதன் முன் வில் பிடிப்பது போல நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பாறையில் நடந்த ஒன்றை அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல மனம் வராது. 1212-இல் வேல்ஸ் தலைவர்கள் மறுபடி கிளர்ந்தபோது, அவர்கள் பிணையாகக் கொடுத்திருந்த 28 சிறுவர்களை ஜான் மன்னன் இங்கே தூக்கிலிட்டான் என்று அக்காலத்தை ஒட்டி எழுதிய வரலாற்று ஏடு கூறுகிறது. அப்போது நாட்டிங்ஹாமின் ஷெரீப் பொறுப்பைப் பார்த்தவர் ஃபிலிப் மார்க். பிரான்சிலிருந்து ஜான் கொண்டுவந்த படைத்தலைவர். வரி, அபராதம், பறிமுதல் எல்லாம் இவர் கையில். 1215-இல் பிரபுக்கள் மன்னனைப் பணியவைத்து எழுதி வாங்கிய மாக்னா கார்ட்டாவின் 50ஆம் பிரிவில், பதவியிலிருந்து நீக்கப்பட வேண்டியவர்களின் வரிசையில் இவருடைய பெயர் வெளிப்படையாக இடம்பெற்றிருக்கிறது; இவருடைய சகோதரர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அப்படி இருந்தும் 1224 வரை அவர் ஷெரீப்பாகவே நீடித்தார். பாட்டுகளில் வரும் கொடிய ஷெரீப்புக்குப் பெயர் கிடையாது. இவர்தான் அவர் என்று அறுதியிட வழியில்லை. ஆனால் வேலியே பயிரை மேய்ந்த காலம் ஒன்று இந்த மாவட்டத்தில் உண்மையிலேயே இருந்தது என்பதற்கு நாட்டின் தலையாய சாசனமே சாட்சி.

மறுநாள் காலை வடக்கே எட்வின்ஸ்டோவுக்குப் பேருந்து. ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அக்டோபர் மாதம், ஷெர்வுட்டின் பெரணிகள் காய்ந்து துருநிறம் கொண்டிருந்தன. வெண்பட்டை பிர்ச் மரங்களுக்கு நடுவே முதிய ஓக் மரங்கள் தனித்தனியே நிற்கின்றன. சில உள்ளீடற்றவை. சில மின்னல் பட்டவை. சாய்ந்து விழுந்தவற்றையும் அகற்றாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். வண்டுகளுக்கும் காளான்களுக்கும் அவைதான் வீடு. இத்தகைய பழைய ஓக் மரங்கள் இந்தக் காப்பகத்தில் ஏறத்தாழ ஆயிரம் இருக்கின்றன.

எல்லாரும் பார்க்கப் போவது மேஜர் ஓக் மரத்தை. 1790-இல் இந்த வட்டார ஓக் மரங்களைப் பற்றி நூல் எழுதிய மேஜர் ஹேமன் ரூக்கின் நினைவாக அந்தப் பெயர். அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 11 மீட்டர். வயது 800-லிருந்து 1,100 ஆண்டுகளுக்குள் என்று கணிக்கிறார்கள். கிளைகளுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வேர்மண் மிதிபட்டு இறுகிவிடாமல் இருக்க 1970-களிலிருந்து வேலி. ராபினும் தோழர்களும் இதன் பொந்தில் ஒளிந்ததாகச் சொல்வார்கள். 13ஆம் நூற்றாண்டில் இந்த மரம் இவ்வளவு பருத்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் வேலிக்கு வெளியே நின்ற முதியவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்ததைப் பார்த்தேன். அந்த மதிப்புக்கு மரம் தகுதியானதுதான்.

காடு என்றதும் நமக்கு மரங்கள் நினைவுக்கு வரும். நார்மன் அரசர்களின் வனமோ ஒரு சட்ட எல்லை. அதற்குள் வயலும் ஊரும் மேய்ச்சல் வெளியும் அடங்கும். எசெக்ஸ் மாவட்டம் ஏறத்தாழ முழுவதும் வனமாக இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் உச்சத்தில் இங்கிலாந்தின் நிலத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அரச வனச் சட்டத்தின் கீழ் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். அந்த எல்லைக்குள் மானும் காட்டுப்பன்றியும் அரசனுக்குரியவை. அவை மேயும் பச்சையும் அரசனுக்குரியது. மான் புகாதபடி வயலுக்கு உயரமாக வேலி போடக் கூடாது. புதிதாக நிலம் திருத்தினால் அபராதம். மானைத் துரத்திவிடாதபடி நாய்களின் முன்காலில் மூன்று நகங்களை வெட்டிவிட வேண்டும். முதலாம் வில்லியம் மானைக் கொன்றவர்களின் கண்களைக் குருடாக்கினான் என்று ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு பதிந்திருக்கிறது. ராபின் ஹுட்டின் விருந்துகளில் எப்போதும் மான்கறி பரிமாறப்படுவதன் சுவை, பசியோடு அந்தப் பாட்டைக் கேட்ட குடியானவனுக்குத்தான் முழுதாகத் தெரிந்திருக்கும்.

எட்வின்ஸ்டோவிலிருந்து சிறிது தூரத்தில் கிங்ஸ் கிளிப்ஸ்டோன். வயலின் நடுவே அரச வேட்டை மாளிகையின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. 1194 மார்ச் மாதத்தில், தம்பி ஜானின் ஆட்களிடமிருந்து நாட்டிங்ஹாம் கோட்டையை முற்றுகையிட்டு மீட்ட மன்னர் சிங்க நெஞ்சன் ரிச்சர்டு, அதை முடித்ததும் ஷெர்வுட்டைக் காண இங்கே வந்தார். 1290-இல் முதலாம் எட்வர்டு இங்கே நாடாளுமன்றத்தையே கூட்டினார். திரைப்படங்களில் ராபின் ஹுட் ரிச்சர்டின் காலத்தவன். நிலம் பறிபோன பிரபு. இவை இரண்டும் பிற்காலச் சேர்க்கைகள். ரிச்சர்டின் காலத்தில் அவனை வைத்தவர் 1521-இல் எழுதிய ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் மேஜர். ஹன்டிங்டன் பிரபுவாக அவனை உயர்த்தியவர் 1598-இல் நாடகம் எழுதிய ஆன்டனி மண்டே. லாக்ஸ்லி என்ற பெயரோடு சாக்சன் வீரனாக அவனை உலகுக்குக் கொண்டுபோனது வால்டர் ஸ்காட்டின் ஐவன்ஹோ. பழைய பாட்டுகளில் அவன் பிரபு அல்லன். சொந்தக் காலில் நிற்கும் நடுத்தரக் குடியானவன். பிற்காலக் கதைகளில் அவன் காதலியாக வரும் மேரியனும் அங்கே இல்லை. பட்டம் சூட்டியபோது ஏழைகள் அவனை இழந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். தங்களில் ஒருவன் தங்களுக்காக நிற்பதும், மேலிருந்து ஒருவன் இறங்கிவந்து இரங்குவதும் ஒன்றாகுமா?

உண்மையான மேட்டுக்குடிக் குடும்பத்தார் சட்டவிலக்கானால் என்ன நடந்தது என்பதைக் காண லெஸ்டர்ஷயருக்குப் போக வேண்டும். மெல்டன் மோபிரேக்குத் தென்மேற்கே ஆஷ்பி ஃபோல்வில் என்ற சிற்றூர். ஓடை ஒன்று, பச்சை மேய்ச்சல், இரும்புக்கல்லின் நிறத்தில் ஒரு தேவாலயம். அன்று உள்ளே என்னைத் தவிர யாரும் இல்லை. ஒரு கல்லறையின் மேல் கவசம் தரித்த வீரனின் கல்லுருவம் தேய்ந்து கிடக்கிறது. அது யூஸ்டஸ் ஃபோல்வில் என்று சொல்வார்கள்.

ஃபோல்வில் சகோதரர்கள் எழுவர். மூத்தவர் ஜான் பெரும்பாலும் ஒதுங்கி வாழ்ந்தார். மற்றவர்களுக்கு யூஸ்டஸ் தலைமை. 1326 ஜனவரியில் அரசக் கருவூலத்தின் உயர் நீதிபதி ரோஜர் பெல்லர்ஸை இந்த ஊருக்கு அருகில் வழிமறித்துக் கொன்றார்கள். கொலையாளிகள் ஓடினார்கள், சட்டவிலக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் மன்னிப்பு கிடைத்தது. 1332-இல் ரிச்சர்டு வில்லவ்பி என்ற அரச நீதிபதியைக் கடத்திக் காடு காடாக இழுத்துச் சென்று 1,300 மார்க் பிணைத்தொகை கேட்டார்கள். அன்றைய கணக்கில் அது 860 பவுண்டுக்கும் மேல். துறவு மடத்தைச் சேர்ந்தவர்களே 20 பவுண்டு கொடுத்து எதிராளியின் தண்ணீர் ஆலையை இடிக்க இவர்களை அமர்த்தியதாகவும் வழக்கு இருந்தது. அதற்குப் பின்பும் யூஸ்டஸுக்கு மன்னிப்பு கிடைத்தது. ஸ்காட்லாந்துப் போர்களில் அவர் அரசனுக்காகப் போரிட்டார். 1340-களின் நடுவில் இயல்பாக இறந்தார். சகோதரர்களில் தண்டனை கண்டவர் ரிச்சர்டு ஒருவரே. ரட்லண்டில் உள்ள டீ என்ற ஊரின் பங்குக் குரு அவர். துரத்தி வந்தவர்கள் அவருடைய கோயிலிலிருந்தே வெளியே இழுத்துத் தலையை வெட்டினார்கள்.

இவர்களை வெறும் கொள்ளையர் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கடத்தப்பட்ட அதே வில்லவ்பி பின்னர் தலைமை நீதிபதி பொறுப்புக்கு உயர்ந்து, 1340-இல் பதவி இழந்தார். மாடு விற்பது போலச் சட்டத்தை விற்றார் என்பது அவர் மேல் வந்த குற்றச்சாட்டு. இதைப் படித்தபின் அந்தக் கல்லுருவத்தைப் பார்த்தால் மனம் எளிதில் ஒரு பக்கம் சாயாது. மக்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். 1370-களில் வில்லியம் லாங்லண்ட் எழுதிய பியர்ஸ் பிளவ்மன் என்ற நெடுங்கவிதையில், அநியாயமாகப் பறிபோனதை வலிய மீட்கும் முறைக்கு ஃபோல்வில்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார். ராபின் ஹுட் பாட்டுகளைப் பற்றி இலக்கியத்தில் நமக்குக் கிடைக்கும் முதல் குறிப்பும் அதே கவிதையில்தான் இருக்கிறது. செபம் சரியாகத் தெரியாத சோம்பேறிக் குரு ஒருவர், ராபின் ஹுட் பாட்டு தெரியும் என்று ஒப்புக்கொள்கிறார். உண்மைக் கொள்ளையரும் பாட்டுடைத் தலைவனும் ஒரே கவிஞரின் காதில் விழுந்திருக்கிறார்கள்.

ஆஷ்பி ஃபோல்விலில் எனக்குத் தெளிவானது மன்னிப்பு என்ற கருவியின் இயல்பு. மூன்றாம் எட்வர்டின் அரசு போருக்கு ஆள் தேவைப்பட்டபோதெல்லாம் குற்றவாளிகளுக்கு மன்னிப்பு வழங்கியது. வாள் பிடிக்கத் தெரிந்தவனும் அரசவையில் ஆள் உள்ளவனும் உள்ளே வந்தார்கள். அதற்கும் முன்பு, வெல்ஷ் எல்லைப் பிரபு ஃபுல்க் ஃபிட்ஸ்வாரின் ஜானை எதிர்த்துக் காட்டுக்குப் போனார். 1203-இல் மன்னிப்புப் பெற்று வந்தார். விட்டிங்டன் கோட்டையும் கிடைத்தது. அவருடைய கதையும் காவியமாயிற்று. யார்க்கில் 32 ஷில்லிங் உடைமையை விட்டு ஓடிய ராபர்ட் ஹாட் திரும்பி வந்ததாக எந்தக் கணக்கிலும் இல்லை.

அங்கிருந்து வடக்கே யார்க்‌ஷயர். டான்காஸ்டருக்கும் பான்டிஃப்ராக்டுக்கும் நடுவே வென்ட்பிரிட்ஜ் என்ற ஊர் ஒரு பள்ளத்தாக்கில் ஒடுங்கிக் கிடக்கிறது. பழைய வடக்குப் பெருவழி இந்த ஊருக்குள்ளேயே இறங்கி ஏறும். 1961-இல் திறந்த உயரமான பாலத்தின் வழியே இப்போது லாரிகள் ஊரைத் தொடாமலே கடந்துவிடுகின்றன. அவற்றின் இரைச்சல் மட்டும் கீழே இறங்குகிறது. ராபின் ஹுட்டின் மிகப் பழைய நெடும்பாட்டான ஜெஸ்ட், அவனுடைய இருப்பிடமாகச் சொல்வது ஷெர்வுட்டை அல்ல. இந்த வட்டாரமான பார்ன்ஸ்டேலை. பார்ன்ஸ்டேல் ஒருபோதும் அரச வனமாக இருந்ததில்லை. ஆனால் வழிப்பறிக்கு ஏற்ற இடம் என்பதை நின்று பார்த்தாலே உணரலாம். செங்குத்தான ஏற்றம், இருபுறமும் மரம், மெதுவாக ஏறும் வண்டி. 1306-இல் சிறைபிடிக்கப்பட்ட ஸ்காட்லாந்து ஆயர்களைத் தெற்கே கொண்டுபோனபோது, இந்தப் பகுதியைக் கடக்கக் காவல் வில்லாளிகளைக் கூட்டி, பார்ன்ஸ்டேல்தான் காரணம் என்று கணக்கிலேயே எழுதிவைத்தார்கள்.

ஜெஸ்ட் 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அச்சேறியது. அதில் ராபின் தோழர்களுக்கு இடும் கட்டளைகள் தெளிவானவை. ஏர் உழும் குடியானவனைத் தொடாதே. நல்ல எளிய மனிதனைத் தொடாதே. பேராயர்களையும் ஷெரீப்பையும் விடாதே. கதையின் முதல் விருந்தாளியாக வாடிய முகத்தோடு ஒரு வீரர் வருகிறார். மகன் செய்த கொலைக்குப் பிணை நின்று, யார்க் நகரத்துப் புனித மரியாள் மடத்தின் அதிபதியிடம் 400 பவுண்டுக்கு நிலத்தை அடகு வைத்தவர். தவணை நாள் நெருங்குகிறது. மாவட்டத்தின் சட்ட அதிகாரிகளும் மடாதிபதியின் பக்கம். ராபின் 400 பவுண்டு கடன் தருகிறான். மரியன்னையே பிணை என்று ஏற்கிறான். பிறகு அதே மடத்தின் துறவி ஒருவர் அந்த வழியே வரும்போது, மரியன்னை கடனைத் திருப்பி அனுப்பினாள் என்று சொல்லி அவர் பெட்டியிலிருந்ததை எடுத்துக்கொள்கிறான்.

நிலம், அடகு, தவணை, விலைபோன சட்டம். வென்ட்பிரிட்ஜ் ஏற்றத்தில் நின்று இந்தக் கதையை நினைத்தபோது ராபின் ஹுட்டைப் பற்றி எனக்கிருந்த படம் மாறியது. வில்லும் பச்சை உடையும் பின்னே போயின. நீதிமன்றத்தில் தோற்கவிருக்கும் ஒருவருக்கு வேறொரு நீதிமன்றம் காட்டில் கிடைக்கிறது. அங்கே விசாரணை உண்டு: உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று ராபின் கேட்பான். உண்மை சொன்னவன் தன் பணத்தோடு போவான். பொய் சொன்னவன் இழப்பான். சட்டத்திலிருந்து தள்ளப்பட்டவன் நடத்தும் இந்த மன்றம், ஷெரீப்பின் மன்றத்தைவிட நேர்மையானது என்று பாட்டு வாதாடுகிறது. துறவியோடு வந்த பையனைக் கொன்ற பாட்டையும் மக்கள் தள்ளிவிடாததற்கு இந்த வாதமே காரணம் என்று நினைக்கிறேன். அவனை அவர்கள் புனிதராக்கவில்லை. அவன் செய்ததை எல்லாம் சரி என்றும் சொல்லவில்லை. நாட்டில் கிடைக்காத தீர்ப்பு அவனிடம் கிடைத்தது என்று பாடினார்கள்.

ஜெஸ்டின் முடிவு இன்னும் ஆழமானது. எட்வர்டு என்ற அரசர் மடாதிபதி வேடத்தில் காட்டுக்கு வருகிறார். தம் மானின் கறியைத் தாமே ராபினிடம் விருந்துண்கிறார். வேடம் கலைந்ததும் ராபின் மண்டியிடுகிறான், அரசர் மன்னிக்கிறார், அரசவைக்கு அழைத்துப் போகிறார். பதினைந்து மாதங்களில் கைப்பணம் கரைகிறது. தோழர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். ராபின் பார்ன்ஸ்டேலுக்குத் திரும்பி 22 ஆண்டுகள் வாழ்ந்து, உறவினளான கிர்க்லீஸ் மடத் தலைவியின் வஞ்சத்தால், சிகிச்சைக்காக இரத்தம் இறக்கியபோது உயிரிழக்கிறான். அரசனின் மன்னிப்பு அவனுக்குப் போதவில்லை. அவன் ஒருவன் உள்ளே போனதால் வெளியே எதுவும் மாறவில்லை.

பயணத்தின் கடைசி ஊர் லிங்கன். குன்றின் மேல் தேவாலயமும் கோட்டையும் எதிரெதிரே. கோட்டைக்குள் 2015-இல் கட்டிய நிலவறையில், மங்கிய ஒளியில், இரண்டு ஆட்டுத்தோல்கள் காட்சிக்கு உள்ளன. ஒன்று 1215-இன் மாக்னா கார்ட்டா. எல்லாரும் அதன் முன்னே நிற்கிறார்கள். பக்கத்திலிருப்பது 1217 நவம்பர் 6-இல் வெளியான வனச் சாசனம். இதன் மூலப்படிகளில் இன்று எஞ்சியவை இரண்டுதான். மற்றது டர்ஹாமில் இருக்கிறது. அப்போது மூன்றாம் ஹென்றிக்கு வயது பத்து. தமக்கென முத்திரை இல்லாத சிறுவனுக்காக, ஆட்சிப் பொறுப்பிலிருந்த வில்லியம் மார்ஷலும் போப்பின் தூதர் குவாலாவும் முத்திரை இட்டார்கள்.

ஒரு கையளவு தோலில் நெருக்கி எழுதிய இலத்தீன் வரிகள். இரண்டாம் ஹென்றி காலம் முதல் அநியாயமாகச் சேர்த்த வனங்களை விடுவிக்கிறது. மேய்ச்சல், பன்றிகளுக்கு ஓக் கொட்டை, தேன் இவற்றுக்கு உரிமை தருகிறது. நாயின் நகம் வெட்டுவதற்குக்கூட வரம்பு வைக்கிறது. பத்தாவது பிரிவில், அரசனின் மானுக்காக இனி எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்கலாகாது என்கிறது. பிடிபட்டவன் அபராதம் கட்டலாம். முடியாவிட்டால் ஓராண்டும் ஒரு நாளும் சிறையில் இருந்து, பிணை கொடுத்து வெளியே வரலாம். வனக் குற்றத்துக்காக மட்டும் சட்டவிலக்கானவர்களும் பிணை தந்து திரும்பி வரலாம் என்றும் வழி திறக்கிறது. குறைகளும் உண்டு. பல உரிமைகள் சுதந்திரக் குடிகளுக்கு மட்டுமே. பண்ணையடிமைகள் பெரும்பாலும் வெளியேதான். அரசர்கள் இதை மீறப் பார்த்தார்கள். மக்கள் திரும்பத் திரும்ப உறுதிப்படுத்தச் சொன்னார்கள். ஆனாலும் 1971-இல் புதிய சட்டம் வந்து நீக்கும் வரை இது இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்தில் இருந்தது. குற்ற வழக்குகளில் சட்டவிலக்கு செய்யும் வழக்கத்தை 1938-இல்தான் முறைப்படி ஒழித்தார்கள்.

ராபின் ஹுட்டைத் தேடிப் போகிறவர்கள் காட்டோடு திரும்பிவிடாமல் லிங்கனுக்கும் போக வேண்டும். மன்னிப்பு ஒருவனுக்குக் கிடைப்பது. அரசனின் மனநிலையையும் போரின் தேவையையும் பொறுத்தது. ஃபோல்வில்கள் அதைப் பலமுறை பெற்றார்கள். பாட்டில் ராபினும் பெற்றான். சாசனம், அதன் வரம்புக்குள், பெயர் தெரியாதவர்களுக்கும் உரியது; கேட்டுப் பெற வேண்டியதில்லை. வில்லோடு ஒருவன் வந்து காப்பாற்ற வேண்டிய நிலையில் ஒரு நாடு தன் மக்களை வைத்திருந்தால், அந்த நாட்டில் பாட்டுகள் பெருகும், நீதி பெருகாது. மக்கள் அறுநூறு ஆண்டுகளாகப் பாடிக் கேட்டது, அப்படி ஒருவன் தேவைப்படாத சட்டத்தை.